சிவப்புப் பை லாரி

ஹோண்டுராஸின் வடக்கே, கரும்புக்காட்டை ஒட்டிய குப்பைமேட்டில் நெரெய்தா கொலிந்த்ரெஸ் பத்தொன்பது வருஷமாக பிளாஸ்டிக் பொறுக்கினாள். ஆறு வருஷம் நகராட்சிக்கு நடையாய் நடந்து, மேட்டில் வேலை செய்பவர்களின் சங்கத்துக்கு பர்மிட் வாங்கியவளும் அவள்தான். அதன் நான்காவது விதி அவளுக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரிக் கழிவு இங்கே வரக்கூடாது, எரிக்கும் ஆலைக்குத்தான் போக வேண்டும், எங்கே போகிறது என்று எழுதிய சீட்டு வண்டியில் இருக்க வேண்டும்.

ஆனாலும் ஆஸ்பத்திரிக் கழிவை அடைத்த சிவப்புப் பைகளோடு ஒப்பந்தக்காரன் ஃபூனெஸின் லாரி வந்துகொண்டே இருந்தது. ஆலை தூரம், மேடு பக்கம். அதில் வந்த ஊசி ஒன்று அவள் தங்கை தெல்மியின் உள்ளங்கையில் ஏறியது. கை அழுகி, மணிக்கட்டோடு எடுத்தார்கள்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை லாரி மறுபடி வந்தது. நெரெய்தா பாதையின் நடுவில் போய் நின்றாள். கையில் குப்பை கிளறும் இரும்புக் கொக்கி.

"சீட்டக் காட்டு."

ஓட்டுநர் தலையை நீட்டினான். "காட்டுனா படிச்சிருவியாக்கும்? தள்ளு தாயி, நாத்தம் தாங்கல."

"நாத்தம் உன் வண்டியில இருந்து வருது. சீட்டு இல்லன்னா திருப்பு."

பக்கத்தில் இருந்த ஆள் வெட்டுக்கத்தியோடு குதித்தான். முதல் வெட்டை இடக்கையால் தடுத்தாள். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டாவது வெட்டு இறங்குமுன் கொக்கியை அவன் தொடையில் ஏற்றி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். அவன் அலறிக்கொண்டு சேற்றில் உருண்டான்.

மேட்டில் இருந்தவர்கள் கல்லோடு ஓடிவந்தார்கள். கண்ணாடி நொறுங்கியது. ஓட்டுநரைக் கீழே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். சங்கத்துக் காவலாளி ஓஸ்மான்தான் நடுவில் புகுந்தான்.

"கொன்னுபுடாதீங்கடா. நமக்கு வேண்டியது லாரி. அதுதான் சாட்சி." இருவரையும் அவனே இழுத்துக்கொண்டுபோய் சாலையில் விட்டான்.

தெல்மி ஒற்றைக் கையாலும் பல்லாலும் அக்காவின் காயத்தைக் கட்டினாள். "ஆஸ்பத்திரிக்கு வாக்கா. எனக்கு ஒரு கை போனது போதாதா?"

"நா நகந்தா லாரியும் நகந்துரும். சொல்லி அனுப்பியிருக்கு, அதிகாரி வரட்டும்."

மறுநாள் மதியம் அதிகாரி வரவில்லை. ஃபூனெஸின் ஆட்கள் இரண்டு வண்டியில் வந்தார்கள். இறங்காமலேயே சுட்டார்கள். எல்லோரும் பழைய டயர்களுக்குப் பின்னால் விழுந்தார்கள். ஓஸ்மான் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெரெய்தாவின் மேல் சாய்ந்தான். மேட்டு ஆட்கள் சில டயர்களைப் பாதையில் உருட்டிவிட்டுத் தீ வைத்தார்கள். கரும்புகை பாதையை அடைத்தது, கல் மழையாக விழுந்தது. லாரியை இழுக்க முடியாமல் வந்தவர்கள் திரும்பினார்கள்.

மூன்றாம் நாள்தான் அரசு வழக்கறிஞரின் ஆட்கள் வந்து சிவப்புப் பைகளைத் திறந்தார்கள். ஃபூனெஸின் உரிமம் பறிபோனது. சுட்டது யாரென்று தெரியவில்லை என்று வழக்கை மூடினார்கள். தொடையைக் கிழித்ததற்கு நெரெய்தாவுக்கு ஏழு மாதம் சிறை. அவள் வெளியே வந்தபோது இடக்கை விரல்கள் மடங்கவில்லை. மேட்டு வாசலில் வண்டிகளின் சீட்டைச் சரிபார்க்கும் வேலையைச் சங்கம் அவளுக்குக் கொடுத்தது.

முதல் வாரமே ஓஸ்மானின் மனைவி ரெய்னெரியா வந்தாள். வந்த வேகத்தில் ஓங்கி அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். நெரெய்தா கையைத் தூக்கவில்லை, உதட்டு ரத்தத்தைத் துடைக்கவும் இல்லை.

மூச்சிரைப்பு அடங்கியதும் ரெய்னெரியா கேட்டாள். "சாகும்போது ரொம்பத் துடிச்சாரா?"

ஓஸ்மான் அரை மணி நேரம் துடித்தான். நெரெய்தாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் தண்ணீர் என்று கெஞ்சினான்.

"இல்ல," என்றாள் நெரெய்தா. "விழுந்ததும் போயிட்டாரு."

ரெய்னெரியா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.