ஒரே குழாயில் இரண்டு ஒயர்

எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் நான் செய்த வேலையைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் பிழைப்பு என்னாவது என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

அங்கே இருந்தது மூடிய ஷெட். பெரிய பேன்கள் ஓடினால்தான் கோழிகளுக்கு உயிர். உள்ளே இருந்த கேமராக்களும் வெப்பம் பார்க்கும் கருவியும் அனுப்புவதெல்லாம் ஆபீஸ் ரூம் சர்வருக்கு வரும். கேமராக்கள் கூடக்கூட ஒரு ஒயர் தாங்கவில்லை, படம் திக்கித் திக்கி வந்தது. டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த என்னைக் கூப்பிட்டார்கள். சர்வரில் இன்னொரு நெட்வொர்க் கார்டு போட்டு, இரண்டு கார்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஷெட்டுக்கு இரண்டாவது ஒயர் இழுத்தேன். அதன்பிறகு படம் தங்குதடையில்லாமல் ஓடியது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஒயருக்குத் தனிப்பள்ளம் தோண்டியிருக்க வேண்டும். வெயிலுக்குச் சோம்பல்பட்டு, பழைய ஒயர் போன குழாயிலேயே அதையும் திணித்துவிட்டேன். பண்ணை சூப்பர்வைசர் அன்று தீவனம் ஏற்ற நாமக்கல் போயிருந்தார், இதைப் பார்க்கவில்லை.

அவர், மனைவி மகளோடு பண்ணை ரூமிலேயே குடியிருந்தவர். வேலை போனால் வீடும் போகும். அந்தப் பயத்திலேயே அரைமணிக்கு ஒருதரம் ஷெட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இனி எதற்கு நடந்து சாகிறீர்கள், ஒரு ஒயர் போனாலும் இன்னொன்று இழுக்கும், ஆபீஸ் ரூமில் பேன் காற்றில் உட்கார்ந்து ஸ்கிரீனைப் பாருங்கள் என்று கிண்டலடித்தேன். பாவி மனுஷன் நம்பினார்.

சித்திரை மாதம். தீவனம் இருக்கும் இடத்தில் எலிக்குப் பஞ்சமா? குழாய்க்குள் புகுந்து இரண்டு ஒயரையும் கடித்துவிட்டது. ஸ்கிரீனில் கடைசியாக வந்த படமும் வெப்ப அளவும் மாறாமல் நின்றன. அன்று மத்தியானமே மூன்று பேஸ் கரண்டில் ஒன்று மட்டும் போய் ஷெட் பேன்களும் நின்றன. அலாரமும் அதே ஒயர் வழியாகத்தான் வரவேண்டும். அவர் அந்த நல்ல நம்பரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தேகப்பட்டுக் கதவைத் திறந்தபோது ஒரு கோழிகூடக் கத்தவில்லையாம்.

மறுநாள் நான் மட்டும் தனியாகத் தோண்டிப் பார்த்துவிட்டு, எலி கடித்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். ஒயர் போனால் போகட்டும், இந்த ஆளுக்கு எழுந்து போய்ப் பார்க்க என்ன கேடு என்று அவர் கத்தினார். போக வேண்டாம் என்று சொன்னவன் நான். பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே சூப்பர்வைசரை ரூமைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள்.

எருமப்பட்டி பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். மூட்டைகளுக்கு நடுவில் மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன், அதற்குள் கூப்பிட்டுவிட்டார். முகத்தில் கோபமே இல்லை.

"ஏனுங்க தம்பி, ரெண்டு ஒயரும் ஒண்ணாவா போவும்?"

"எலி கடிச்சிருச்சுங்கண்ணா."

அவர் மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்.

"அப்ப ரெண்டு பள்ளத்துலயும் எலி பூந்திருக்குதுங்க. எங்க நேரம். நீங்க என்ன பண்ணுவீங்க, சாமி."

ஆமாங்கண்ணா என்றேன்.