இரண்டு மாதமும் ஒரே திரையில்

பேருந்துப் பணிமனையில் எந்த ஓட்டுநர் எந்த நாள் எந்த வண்டியை எடுக்க வேண்டும் என்று கணினியில் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுப்பவருக்குக் 'கட்டம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன சார், இந்த மாசம் நம்ம கட்டம் எப்படி?" என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்பான். முன்பெல்லாம் இவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிப்பார். நான்கு மாதமாகச் சிரிப்பதில்லை. அழுவதும் இல்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்று மனைவி சொன்ன பிறகுதான் இவருக்கு அது தெரிகிறது.

இவர் மேசைக்கு ஒரு வாரச் சோதனைக்காகப் புது மானிட்டர் வந்திருந்தது. முப்பத்து நான்கு அங்குலம், லேசாக வளைந்தது. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நிறை குறைகளை எழுதிக் கொடுக்க வேண்டும். மேலாளருக்குத் தும்மல் வந்தால்கூட எழுத்து மூலமாக வர வேண்டும்.

"சும்மா நாலு வரி போதும். பெருசா இருக்கு, நல்லா இருக்குன்னு எழுதுங்க" என்றார் அவர்.

குறைகள் மளமளவென்று வந்தன. மேசையில் முக்கால்வாசியை அடைக்கிறது. ஃபைலை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓரத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். எதிரே வந்து நிற்பவர் யாரென்று எழுந்தால்தான் தெரியும். இந்தக் கடைசி விஷயம் குறையா நிறையா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, குறையிலேயே விட்டார்.

நிறைகளில் முதலாவது, எழுத்து பெரிதாகத் தெரிகிறது. இரண்டாவது, ஒன்றாம் தேதியிலிருந்து முப்பத்தொன்று வரை நகர்த்தாமலே பார்க்கலாம். மூன்றாவது என்று எண் போட்டார். கை அதோடு நின்றுவிட்டது.

கணினியில் மாதத்துக்கு ஒரு பணித் தாள். பழைய சின்னத் திரையில் ஒன்றைத் திறந்தால் இன்னொன்று மறைந்துவிடும். மாதக் கடைசி இரவு வண்டி ஓட்டியவர்களுக்கு மறுநாள் ஓய்வு தர வேண்டும் என்பதால், அவர்கள் பெயரைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டுதான் அடுத்த மாதத் தாளைத் திறப்பார். நான்கு மாதத்துக்கு முன் ஒரு பெயர் விட்டுப்போயிற்று. முப்பத்தொன்று இரவு வண்டியும் ஒன்றாம் தேதி காலை வண்டியும் ஒரே ஆளுக்கு விழுந்தன. அந்த ஆள் இவருடைய அக்காவின் கணவர். காலை வண்டியில் கண் அசந்து பாலத்துச் சுவரில் இடித்தார். நல்லவேளை, பயணிகள் ஏறியிருக்கவில்லை. அவருக்கு மட்டும் வலது கால் முழங்காலோடு போயிற்று. விசாரணை செய்தவர்கள் விபத்து நடந்த மாதத்தின் தாளை மட்டும் பார்த்து, 'பணியில் தூக்கம்' என்று எழுதி வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். இவர் வாயைத் திறக்கவில்லை. பயந்தார் என்றாவது சொல்லலாமென்றால் அதுவும் இல்லை. மரத்துப்போய் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

மதியம் அக்கா வீட்டுக்குப் போன் செய்தார். மச்சான்தான் எடுத்தார்.

"புது ஸ்க்ரீன் வந்திருக்காமே மாப்ள? ரொம்ப அகலம்னு டிப்போ பசங்க சொன்னாங்க."

"ஆமா மச்சான். அதுல என்ன நல்லது, என்ன கெட்டதுன்னு எழுதித் தரணுமாம்."

"இனிமே ரெண்டு மாசமும் ஒண்ணாத் தெரியும், இல்ல?"

இவர் மூன்றாவது என்று போட்டு வைத்திருந்த எண்ணைப் பார்த்தார்.

"அத மட்டும் எழுதிடாத மாப்ள" என்றார் மச்சான். "உங்க அக்காவுக்குத் தெரியாது."

ஆக, அந்த மனிதருக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் விசாரணையில் 'தூங்கிட்டேன் சார்' என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இவருக்கு அப்போதாவது அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். மூன்றாவது நிறையை மூன்று வரியில் எழுதினார். மாதத்தையும் தேதிகளையும் மச்சானின் பணி எண்ணையும் போட்டு, 'இந்தத் தவறைச் செய்தது நான்' என்று முடித்துக் கையெழுத்திட்டார்.

மேலாளர் படித்தார். எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து இன்னொரு முறை படித்தார்.

"மூணாவது எதுக்கு? மொத ரெண்டே போதும், மானிட்டர் கிடைச்சிடும். வேலைக்கு உலை வச்சுக்காதீங்க."

"மானிட்டரை நீங்களே எடுத்துக்கோங்க சார்" என்றார் இவர். "மூணாவத மட்டும் விசாரணை செஞ்சவங்களுக்கு அனுப்புங்க."