உறைபனியும் கடப்பாரையும்

மாமல்லபுரம் அருகே எங்கள் ஐஸ் பாக்டரியில் நேர்ந்ததை வாசக அன்பர்களுக்கு எழுதுகிறேன். அம்மோனியா ஓடும் குளிர்க்குழாய்களில் உறைபனி தடித்தால் ஐஸ் சரியாக உறையாது; அதை நீரூற்றிக் கரைப்பதே முறை. ஐஸுக்காகக் காத்திருந்த, செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய மீன்காரப் பெண்கள் அவசரப்படுத்தவே, என் மைத்துனர் ஏழுமலை உள்ளே போய் அந்தப் பனியைக் கடப்பாரையால் தட்டினார். குழாய் விரிசலுற்று அம்மோனியா வாயு சீறியது.

வாசலில் நின்ற நான் உள்ளே செல்ல முயன்றேன். கண்ணெரிந்து, மூச்சடைத்துத் திரும்பினேன். மீண்டும் முயன்றும் இயலவில்லை.

"இன்னாய்யா, நின்னுகினு கீற! உள்ள கீறது உன் மச்சான்யா!" என்று ஒரு பெண் அலறினாள்.

ஏழுமலையின் இருமல் கேட்டது; பிறகு அதுவும் நின்றது.

சற்றுப் பொறுத்து, ஐஸ் கட்டிகளை வெளியே தள்ளும் சிறு திறப்பின் வழியே அவர் தவழ்ந்து வந்தார்.

"இன்னிக்கி ஐஸ் இல்லன்னு சொல்லிடு மச்சான்" என்றார்.

இப்போதெல்லாம், உறைபனி முற்றும் கரையும்வரை, எவர் ஏசினாலும் நானும் அதையே சொல்கிறேன்.