ரெஸ்ட் கொஞ்சம் அவுட்

1. மூன்று அம்பு

செல்வி விட்ட முதல் அம்பு குறிப்பலகையின் வலது ஓரத்தில் குத்தியது. இரண்டாவது அதற்கும் வலப்பக்கம். மூன்றாவது வாலை ஆட்டிக்கொண்டே போய்ப் பின்னால் கட்டியிருந்த வலையில் விழுந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த கம்பெனிக்காரர் தலையை ஆட்டி, "ஹரியன்னே நே" என்றார். சரிப்பட்டு வராது என்று அர்த்தம். பக்கத்தில் நின்ற நான் சிங்களமே தெரியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

கஹவத்தைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தின் பழைய தொரை பங்களா இப்போது வெளிநாட்டு விருந்தாளிகள் தங்கும் இடம். தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நான், அங்கே பைப், மோட்டார், கதவுப்பூட்டு எல்லாம் பார்த்துக்கொள்கிறேன். ஒரு விருந்தாளி விட்டுப்போன வேட்டை வில்லை வைத்து, பங்களாவின் பழைய டென்னிஸ் கோர்ட்டில் அம்பெய்யும் விளையாட்டைத் தொடங்கியிருந்தார்கள்.

செல்வி ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவள். பங்களாவுக்குத் துப்புரவு வேலைக்கு வந்தவள், அந்த விருந்தாளியிடமே வில் பழகிக்கொண்டாள். அன்றைக்குச் சரியாக எய்து காட்டினால் அந்தக் கோர்ட்டை நடத்தும் வேலை அவளுக்கு நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் விடிகாலை மழை, அட்டைக்கடி, பால் வாளி. இது எனக்கு நன்றாகவே தெரியும்.

2. துண்டு

முந்தின நாள் காலையில் அவள் வில்லை என் மேசையில் வைத்துவிட்டு, நான் வருவதற்குள் அறைகளைக் கூட்டப் போய்விட்டாள். நாணில் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்தது. "அண்ணே, ஸ்க்ரூ லூசு. ரெஸ்ட் கொஞ்சம் அவுட்." யாருக்கு ஸ்க்ரூ லூசு என்று எழுதாமல் விட்டாளே என்று நானே சிரித்துக்கொண்டேன்.

ரெஸ்ட் என்பது அம்பு உட்காரும் சின்னக் கம்பிக் கை. கைப்பிடிக்குச் சற்று மேலே இருக்கும். அதன் ஸ்க்ரூவைத் திருப்பினால் உள்ளேயும் வெளியேயும் நகரும்.

பிட்டர் பாஷையில் 'அவுட்' என்றால் பிழை. ஷாஃப்ட் அவுட் என்றால் பெயாரிங் போச்சு. பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரம் அவுட் என்றால் பெல்ட் கழன்று விழும். முப்பது வருஷமும் அவுட்டானதை சென்டருக்குக் கொண்டுவந்துதான் சோறு சாப்பிட்டேன். வில்லைத் துணி சுற்றி, மேசையின் இரும்பு இடுக்கியான வைஸில் பிடித்தேன். அம்பை வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால், அம்பின் முனை நாணுக்கு இடப்பக்கம் பாதித் தடிப்பு விலகி நின்றது. அவள் சொன்னது சரிதான், அவுட். நாண் அம்பை முழுதாக மறைக்கும்வரை திருப்பி, ஸ்க்ரூவை இறுக்கினேன். மூலைமட்டம் வைத்து உயரமும் பார்த்தேன், அது சரியாக இருந்தது. எய்து பார்க்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

அதனால்தான் மறுநாள் மூன்று அம்பும் தவறியபோது, "வில்லுல ஏதும் பிழையா?" என்று மேனேஜர் ஃபாரூக் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னேன்.

"வில்லு நூலுக்கு நூல் சென்டர்ங்க சார். கைதான் பதறுது போல."

செல்விக்கும் அது கேட்டது; ஃபாரூக் அதையே சிங்களத்தில் கம்பெனிக்காரருக்கும் சொன்னார். அந்த வாக்கியத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

3. சாப்பாட்டு அறை

கம்பெனிக்காரரும் மேனேஜரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன பிறகு, வலையிலிருந்து அம்பை எடுத்துக்கொண்டிருந்த செல்வியிடம் போனேன். அவள் அழவில்லை. ரெஸ்டைக் காட்டினாள்.

"அவுட்ல வைங்கன்னுதானே அண்ணே எழுதினேன்?"

"அவுட்டா இருக்குன்னுல்ல நான் படிச்சேன்."

அவள் மூன்று விரலை மடக்கிக் காட்டினாள். "விரலால இழுக்குறோம்ல, விடுறப்போ கயிறு விரல்ல உருண்டு பக்கவாட்டுல போகுதுங்க. அதுக்குத்தான் அம்பு கொஞ்சம் வெளிய பார்த்து நிக்கணும்."

சத்தமில்லாமல் ஸ்க்ரூவைத் திருப்பிக் கொடுத்து, இன்னொரு தரம் பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் கை பதறுகிறவள் என்ற பேச்சு அந்த மனிதர் மனதில் அப்படியே இருந்துவிடும். அதை விதைத்தவன் நான். பைப் பார்க்க மட்டுமே நுழைந்திருந்த அந்தச் சாப்பாட்டு அறைக்குள் போய், அவர்கள் சோற்றில் கை வைத்திருக்கும்போதே, "மகே வெரெத்த" என்றேன். என் பிழை. அவள் கை பதறவில்லை, நான்தான் ரெஸ்டை மாற்றிவிட்டேன் என்று முழுவதையும் சொன்னேன். ஃபாரூக் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கம்பெனிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, புறப்படுவதற்கு முன் மூன்று அம்பு பார்ப்பதாகச் சொன்னார்.

இந்த முறை செல்வி பக்கத்தில் நின்றாள். நான் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினேன். அவள் போதும் என்றதும் நிறுத்தினேன். முதல் அம்பு குறிப்பலகையின் நடு மஞ்சளுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் போனது. வில்லைக் கொண்டுவந்து நீட்டி, அரைக்கால் சுற்று உள்ளே என்றாள். அடுத்த இரண்டும் மஞ்சளில் ஒட்டி ஒட்டிக் குத்தின. கம்பெனிக்காரர் "ஹரி", சரி, என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறினார். அடுத்த மாதமே அவளுக்கு நிரந்தர வேலைக் கடிதம் வந்தது.

புதிதாக வேலைக்கு வரும் பிட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். சென்டர் எங்கே என்பதை மெஷின் மட்டும் சொல்லாது, அதைப் பிடிக்கும் கையையும் கேட்க வேண்டும். யாராவது 'அவுட்' என்றால் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். "அவுட்டா இருக்கா, இருக்கணுமா?" என்று கேளுங்கள். கேட்டால் மரியாதை குறையாது. கேட்காமல் விட்டதால் நான் ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தேன்.

செல்வி இன்றும் எனக்குத் துண்டு எழுதுகிறாள். போன வாரம் வந்ததில், "ரெஸ்ட் கொஞ்சம் அவுட்ல இருக்கணும்" என்று எழுதி, 'இருக்கணும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். அதன் கீழே சின்னதாக இன்னொரு வரி: "என் கை நல்லாத்தான் இருக்கு அண்ணே."