குடிக்கக்கூடிய நுரை வைன்

கலியாண மண்டபத்தில் வேலை செய்பவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாததைத் தெரிந்த முகத்தோடு செய்யவும் தெரிந்திருக்க வேண்டும். பட்டம் எடுத்துவிட்டு, அரச நியமனம் வரும்வரைக்கும் என்று தனியார் வேலைக்குப் போய் அங்கேயே நிற்பவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தின் விழா ஒழுங்கமைப்பாளர். அதாவது, எங்கே என்ன பிழைத்தாலும் முதலில் கூப்பிடப்படும் பிள்ளை.

மணமகளின் ஒரே விருப்பம்

ஒரு கலியாண வரவேற்பு நல்லபடி முடிந்தால்தான் என் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். லண்டனிலிருந்து வந்த மணமகள் பூ, மேடை எல்லாவற்றையும் என்னிடமே விட்டுவிட்டார். கேட்டது ஒன்றுதான்: கேக் வெட்டும்போது திறக்கும் நுரை வைன் வாயில் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். "எது நல்லாயிருக்கும்?" என்றார்.

குடிவகையில் நான் நெல்லிரசத்தைத் தாண்டிப் போனதில்லை. பொய்யும் வாயில் வரவில்லை. "நான் குடிச்சுப் பாக்கேல்லை அக்கா" என்றேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அப்ப குடிச்சுப் பாத்திட்டுச் சொல்லுங்கோ."

வவுனியாவில் ஒரு வரிசை

கிளிநொச்சியில் தெரிந்த முகங்கள் அதிகம் என்பதால் வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். சாரி கட்டிப் போனால் ஏதோ அரச கந்தோர் அலுவல் என்று விளங்கிக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. விளங்கிக்கொண்டார்கள்தான். வைன் கடை வரிசையின் கடைசியில் நான் போய் நின்றதும் கதை நின்றது. ஒருவர் சிகரெட்டை அணைத்தார். இன்னொருவர், "மிஸ் எந்தக் கந்தோர்?" என்று பணிவாகக் கேட்டார்.

எனக்கு வியர்த்த வேகத்தில் அவர்களுக்கும் வியர்த்தது. முன்னால் நின்ற ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. கடைக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, அந்தப் பிள்ளைக்கு முதல் குடுத்து அனுப்பு. அவ நிண்டா எங்களுக்கெல்லோ வெக்கமாக் கிடக்கு."

குசினியில் பரீட்சை

மூன்று விலையில் மூன்று போத்தல் வாங்கினேன். ருசி பார்க்கத் துணைக்குக் கிடைத்தவர் எங்கள் சமையல்காரி செல்வியக்கா. தேத்தண்ணிக் கிளாசில் ஊற்றி, இணையத்தில் வாசித்தபடி முதலில் மணந்து பார்த்து, கண்ணை மூடி, வாயில் சுழற்றினேன். புரைக்கேறியது.

மலிவானது சீனிப்பாணியில் சோடா விட்டது போல இருந்தது. விலை கூடியதில் ஏதோ உயர்வு இருந்திருக்கும். எங்கள் நாக்குக்குப் புளிப்பு மட்டும்தான் எட்டியது. நடுவிலையில் வாங்கியதில் இனிப்புக் குறைவு, தேசிக்காய்த் தோலின் வாசம். இறால் வடை கடித்த வாய்க்கு அது துப்புரவாக இருந்தது. நான் தாளில் புள்ளி போடத் தொடங்க, செல்வியக்கா வெறுங்கிளாசை நீட்டினார். "புள்ளியைப் பிறகு போடு பிள்ளை. இதில இன்னும் கொஞ்சம் விடு."

வீடியோக்காரரின் நியாயம்

எங்கள் பக்கத்து வரவேற்புகளில் நுரை வைன் குடிப்பதற்கு அல்ல, வீடியோவுக்கு. நன்றாகக் குலுக்கி மாப்பிள்ளையின் கையில் கொடுப்பார்கள். மேடை முழுக்க நுரை பறக்கும். அதோடு போத்தலின் கடமை முடிந்தது. வரவேற்புக்கு அந்த நடுவிலையில் நாலு போத்தல் எடுத்து, இது குடிக்க வாங்கியது என்று பரிமாறுகிறவர்கள் எல்லோருக்கும் சொன்னேன். வீடியோக்கார அண்ணருக்குச் சொல்லவில்லை.

கேக் வெட்டும் நேரம் குசினியிலிருந்து நான் வந்து பார்த்தபோது, கோணத்துக்கு ஒன்றாக மூன்று போத்தல் பறந்துவிட்டது. மணமகளின் சாரியில் நுரை. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிப்போய், நாலாவதை வீடியோக்கார அண்ணர் தொடமுதல் எடுத்துக்கொண்டேன். அவருக்கு உண்மையிலேயே மனவருத்தம். "குலுக்காட்டி வீடியோவில பச்சைத்தண்ணி மாதிரியெல்லோ தெரியும் தங்கச்சி."

மிஞ்சிய போத்தல்

அதைத் துவாயால் மூடி, மெல்லத் திறந்து, மேடையில் நின்றவர்களுக்கு அளந்து ஊற்றினேன். இனி எந்தெந்த இடத்துக்கு விண்ணப்பம் போடலாம் என்று மனம் கணக்குப் பார்த்தது. மணமகள் ஒரு மிடறு குடித்தார். பிறகு இன்னொரு மிடறு.

அதற்குள் மாப்பிள்ளையின் தகப்பன், துணுக்காயில் வயல் செய்பவர், தன் கிளாசை முடித்திருந்தார். மீசையில் இருந்த நுரையையும் விடவில்லை. "இவ்வளவு ருசியான சாமானை ஏன் பிள்ளை சுவருக்கு அடிச்சனியள்?" என்று கேட்டார். மணமகள் சிரித்துவிட்டார். அவர் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் முதலாளி என் பக்கம் திரும்பினார். "அடுத்த மாசக் கலியாணத்துக்கும் இதையே எடுங்கோ. வீடியோக்காரனுக்கு மட்டும் முதலே சொல்லிப்போடுங்கோ."

வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அம்மா அயலெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிகிறா, எந்தத் திறமைக்கு என்று அவவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.