ஆறாம் சேனல்

பத்தொன்பது வைஃபை பெட்டிகள். அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் அத்தனையும் 'சிக்னல்' மாட்டியவை. இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் அந்த நாற்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் அவள் கணவன். குடியிருப்பதும் அங்கேயே, மூன்றாம் மாடியில்.

முதல் வீட்டுப் பெட்டியை ஆறாம் சேனலில், அதாவது ஆறாம் அலைவரிசையில் வைத்தாள், நன்றாக ஓடியது. மற்றவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு அதையே வைத்தாள். கேபிள் இழுப்பதற்குள்ளேயே நாக்குத் தள்ளிவிடும், இதையெல்லாம் யார் மாற்றிக்கொண்டிருப்பது? சமையலறையில் ஆட்டம் பார்த்தால் படம் நிற்கிறது என்று கணவன் முணுமுணுத்தபோது, தன் வீட்டுப் பெட்டியை மட்டும், இரண்டு பெட்டிகளின் அலை இடத்தைப் பிடிக்கும் இரட்டை அகலத்துக்கு மாற்றினாள்.

அதற்கு நேர் கீழே தையல்கார அக்கா. அவருடைய தங்கைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. வேறு நாட்டில் இருக்கிறாள். வீடியோவில் கையால்தான் பேச்சு. படம் உறைந்தால் பேச்சே போச்சு. அது அடிக்கடி உறைய ஆரம்பித்தது.

"போன் பழசுக்கா, அதான்" என்று சிக்னல் சொன்னாள். அக்கா நம்பினார். தங்கை நம்பவில்லை. அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வரும்போதெல்லாம் அக்கா வேண்டுமென்றே அழைப்பை வெட்டுகிறாள் என்று நினைத்து, பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

போன வாரம் முதல் மாடியிலிருந்தும் புகார் வந்தது. சிக்னல் போனில் அலைகளைக் காட்டும் செயலியைத் திறந்தாள். ஒரு சேனல் என்பது ஓர் அறை மாதிரி: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஒன்று, ஆறு, பதினொன்று என்று ஒன்றோடொன்று முட்டாத மூன்று அறைகள் இருக்க, கட்டடத்தையே ஒரே அறையில் அடைத்திருந்தாள். திரையில் எல்லா வீட்டுக் கோடுகளும் ஆறின்மேல் குவிந்து கிடந்தன. அவற்றை மூடிக்கொண்டு நின்ற பெரிய குன்று அவள் வீட்டுடையது.

அன்றே எல்லாவற்றையும் மாற்றினாள். யாருக்கும் தெரியாது. ஆனால் இன்று இரவும் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, சிக்னலுக்கே சிக்னல் இல்லையா?" என்றான் கணவன். தட்டை நகர்த்திவிட்டு, அக்கா வீட்டுக்குக் கீழே இறங்கினாள்.

"அக்கா, உங்க போன்ல ஒண்ணும் இல்ல. தப்பு என்னோடது."

எப்படி என்று சொல்லி முடிக்கும்வரை தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"மூணு மாசமா அவ என் மூஞ்சியைப் பாக்கல. எழுதி அனுப்பினாலும் படிக்கிறதில்ல. தெரியுமா உனக்கு?"

"நானே அவங்ககிட்ட சொல்றேன்கா."

"எப்படிச் சொல்லுவ? உனக்கு வாய்தானே இருக்கு!" அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரு. நான் சொன்னா சாக்குன்னுதான் நினைப்பா. கையை நீட்டு."

தப்பு. என்னுடையது. பெட்டி. மூன்று சைகைகள்.

"பெட்டி கேட்டா பூசணிக்காய் காட்டுற" என்று அக்கா அவள் விரல்களைப் பிடித்து நிமிர்த்தினார். சிரிக்கவில்லை.

போனைத் துணி மூட்டையில் சாய்த்து வைத்து அழைத்தார்கள். திரையில் தங்கள் இருவர் முகமும் தெளிவாகத் தெரிந்தது. சிக்னல் கைகளைத் தூக்கியபடியே இருந்தாள்.

தங்கை எடுக்கவில்லை. நாளை மாலை வேலை முடிந்ததும் சிக்னல் மறுபடி கீழே வருவாள்.