தலைவரின் ஆறு சட்டைகள்

அத்தாவின் தையல் கடை மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறச் சந்து ஒன்றில் இருந்தது. அங்கே வெட்டு மேசைக்கு அடியில் நடந்தது என் ராஜ்ஜியம். பள்ளிக்கூடம் விட்டு வந்து உள்ளே நுழைந்தால், அம்மா வந்து காதைத் திருகும்வரை வெளியே வரமாட்டேன். பித்தான்களை நிறம் பிரிப்பது, துண்டுத் துணியில் பொம்மைக்குப் பாவாடை கட்டுவது என்று எனக்கு ஏகப்பட்ட வேலை. அவ்வளவு பொறுப்பாக அதன் பிறகு நான் எந்த வேலையும் பார்த்ததில்லை.

எங்கள் கவுன்சிலரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள், தலைவர்தான். அதிலும் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அந்த வார்த்தையைச் சொல்லும்போது நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும். மாமா ஆட்டோ ஓட்டினார். கூட்டம் என்றால் சவாரியை விட்டுவிட்டு என்னையும் முன்சீட்டில் இடுக்கிக்கொண்டு போவார். அந்த மாலைகளுக்காக இப்போதும் ஏங்குகிறேன். தலைவருக்கு முன்னால் மாமா பேசுவார். பேச்சின் முடிவில் கையை நீட்டுவார். உடனே தலைவர் எழுந்து கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுவார். வலது அக்குளுக்குக் கீழே உள்ளங்கையளவு ஒட்டுத்துணி தெரியும்.

"கிழிஞ்ச சட்ட போட்டுக்கினு கீற மனுசன் நம்மகிட்ட திருடுவாராய்யா? நீங்களே சொல்லுங்க!"

மாமா இப்படிக் கேட்டதும் கூட்டம் உருகிவிடும். எல்லோரையும்விட மாமாதான் அதிகம் உருகுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான வேளையில், கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்போது தலைவரே குனிந்து உள்ளே வந்தார். மேசைக்கு அடியில் இருந்த எனக்கு அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது.

"பாய், ஆறு சட்ட வோணும். துணி ஒஸ்தியா இருக்கட்டும், ஒடம்புல உறுத்தக் கூடாது. ஆனா பாத்தா பழசாட்டம் தெரியணும். ஒட்டு ஆறுலயும் ஒரே எடத்துல வரணும்."

மாதிரிக்குப் பழைய சட்டை ஒன்றையும் வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்த ஒட்டு நிஜமான ஒட்டுதான். கவுன்சிலர் ஆவதற்கு முன்னால் கிழிந்தது. ஒரு வாரம் எங்கள் மொட்டை மாடியில் புதுச் சட்டைகள் திரும்பத் திரும்பத் துவைபட்டுக் காய்ந்தன. அத்தா காலரையெல்லாம் செங்கல்லால் தேய்த்தார். அப்புறம் கிழியாத இடத்தில் ஒட்டுப் போட்டார். "வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாதம்மா" என்றார் என்னிடம். எனக்கு அதில் தப்பாக எதுவும் படவில்லை. பள்ளி நாடகத்தில் ராஜாவுக்கு அட்டைக் கிரீடம் செய்தோமே, அதுபோல இது தலைவருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மீன்கார அக்கா மாமாவைத் தேடி வந்தார். அவரைப்போல நடைபாதையில் விற்பவர்களுக்கெல்லாம் கடை கட்டித் தருவதாகத் தலைவர் சொல்லியிருந்தார். கடைகள் கட்டியாகிவிட்டது. சாவிகள் மட்டும் தலைவருடைய மச்சான் கைக்குப் போய்விட்டதாக ஊரெல்லாம் பேச்சு. அக்கா கையில் ஒரு மனு, அதில் எல்லோருடைய கைநாட்டும் இருந்தது.

"தம்பி, நீ பொய் பேச மாட்ட. அவரு சுத்தமான ஆளுதான்னு இன்னிக்கு மேடையில நீ உன் வாயால சொல்லு. இத்த நான் கிழிச்சுப் போட்டுர்றேன்" என்றார்.

"சொல்றேங்க்கா. அவரு சட்டைய பார்த்தாலே தெரியாதா?" என்று மாமா ஆட்டோவைக் கிளப்பினார்.

மாமா வெளியாள் இல்லையே. போகிற வழியில் எங்கள் குடும்பப் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அந்த ஒட்ட அத்தாதான் போட்டாரு மாமா. ஆறு புதுச் சட்டையிலயும்."

மாமா ஆட்டோவை ஓரம் கட்டினார். "இன்னா சொன்ன?" என்றார். செங்கல் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

மேடையில் மாமா சாக்கடையைப் பற்றிப் பேசினார். தெருவிளக்கைப் பற்றிப் பேசினார். தலைவர் எழுந்து கைகளைத் தூக்கினார். மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தலைவர் உட்கார்ந்து, சற்றுப் பொறுத்து மறுபடி எழுந்து தூக்கினார். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சாக்கடைக்கே போனார்.

எனக்குப் பதைபதைத்தது. பேச்சுப்போட்டியில் நான் திக்கி நின்றபோது, முன்வரிசையிலிருந்து அடுத்த வரியை வாயசைத்துக் காட்டியவர் மாமா. அவர் மறந்து நிற்கும்போது நான் சும்மா இருப்பதா? நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினேன்.

"மாமா, சட்ட! சட்டைய விட்டுட்டீங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "பாரு, கொயந்தைக்கே தெரியுது!" என்று தலைவரும் சிரித்தார். மாமா என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தபடியேதான் அந்த வரியைச் சொன்னார். கைதட்டல் அடங்குவதற்குள், என் பக்கத்தில் நின்ற மீன்கார அக்கா மனுவை நான்காகக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அதன் பிறகு மாமா எந்த மேடையிலும் ஏறவில்லை. அக்கா கடைசிவரை வெயிலில், நடைபாதையில்தான் மீன் விற்றார். அவர் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு இன்றும் கூசுகிறது.

ஆனால் அன்றைக்கு வீடு திரும்பும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவின் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

"நான் மட்டும் இல்லேன்னா நீங்க மறந்தே போயிருப்பீங்க, இல்ல மாமா?"

"ஆமா கண்ணு" என்றார் மாமா.